கணக்குப் பார்க்காமல் வாங்கும் ஒரு பொருள்

அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பென்ஷன் வருகிறது, வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, மகனும் மகளும் வேலையில் இருக்கிறார்கள். ஆனாலும் மார்க்கெட்டிலிருந்து இரண்டு கைப்பையும் கனக்க வரும்போது ஆட்டோவைக் கூப்பிட மனம் வருவதில்லை. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்தானே, எதற்கு நூறு ரூபாய் என்று நின்றுவிடுகிறேன். எனக்கு எப்போதுதான் வசதியாக இருப்பதாகத் தோன்றும்?
– வாசகி, கும்பகோணம்

அம்மா, உங்களிடம் பணம் இருக்கிறது என்ற சேதி உங்கள் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஒன்றாம் தேதிச் சம்பளத்தைப் பிரித்துப் பிரித்து வைத்தே பழகிய கை அது. மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் பால் கார்டு, ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம், அடகுக் கடை வட்டி என்று வரிசையாக எழுதிக் கூட்டிக் கழித்து, மிச்சம் என்ற இடத்தில் வெறும் கோடு போட்டே வந்த பழக்கம், கடன் முடிந்த அன்றைக்கே முடிந்துவிடுமா என்ன?

2021 மே மாதம் வந்த அந்த இலவசப் பயணம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வீட்டு வேலைக்கும் ஜவுளிக்கடை வேலைக்கும் போகிற பெண்களுக்குத் தினமும் மிச்சமாகிற அந்தக் காசு, சாயங்காலம் பிள்ளைக்கு வாங்கிப் போகும் பழமாகிறது. அதற்காக, முட்டி வலியோடு இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு நீங்கள் படியேறியே தீரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நம் வீட்டுப் பெண்களுக்குச் சிறுவாடு சேர்க்கத் தெரியும், அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அஞ்சறைப் பெட்டியில், அரிசிப் பானையில், பீரோவில் புடவை மடிப்புக்குள். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது எத்தனை வீடுகளில் அந்தப் பணம் தயங்கித் தயங்கி வெளியே வந்தது! அதில் தனக்கென்று செலவழிக்க எடுத்து வைத்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆஸ்பத்திரிக்கு, மகள் பிரசவத்துக்கு, அவசரத்துக்கு என்றுதானே எல்லாமே. ரகசியமாகச் சேர்த்த பணம்கூடக் குடும்பத்துப் பணமாகவே இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருகிற விஷயம்.

என்னைக் கேட்டால், வசதியாக இருக்கிறோம் என்ற நினைப்பு பாஸ்புக்கின் கடைசி வரியைப் பார்த்து வருவதில்லை. ஏதோ ஒரு பொருளில், ஒரே ஒரு பொருளில், விலை பார்ப்பதை நிறுத்திவிட முடிகிறதே, அங்கேதான் வருகிறது. ஒருவருக்கு அது சிக்கரி கலக்காத பீபெரி காப்பித்தூள், இன்னொருவருக்குப் புத்தகம், வேறொருவருக்கு இரவு ரயிலில் ஸ்லீப்பரை விட்டு மூன்றடுக்கு ஏசி. உங்களுக்கு அது ஆட்டோவாக இருக்கட்டும். பென்ஷன் வந்ததும் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள், அந்த மாதமே அது தீர்ந்தாக வேண்டும், மிஞ்சினால் தங்கக்காசு என்று ஓடக்கூடாது. கனடாவில் வான்கூவர் நகரத்தில் 60 பேருக்கு ஆளுக்கு 40 டாலர் கொடுத்து ஒரு வார இறுதியில் ஏதாவது பொருள் வாங்கச் சொன்னார்கள், இன்னொரு வார இறுதியில் அதே தொகையை வேலையையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும் எதிலாவது செலவழிக்கச் சொன்னார்கள். 2017-ல் வெளியான ஆய்வு. நேரத்தை மிச்சம் பிடித்த அன்றைக்குத்தான் மனசு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். பையை ஆட்டோவில் வைத்துவிட்டு உட்கார்ந்து வீடு வந்து சேர்வதும் அதே கணக்குதான்.

ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் விலை உயர்ந்த போன் வாங்கினேன். முதல் மாதம் ராஜா மாதிரி இருந்தது, இப்போது தவணைத் தேதி வந்தாலே எரிச்சல். தப்பா?
– வாசகர், கோவை

ஆசைப்பட்டது தப்பில்லை தம்பி. ஆனால் சும்மா யாரும் கடன் கொடுப்பதில்லை. வட்டி இல்லை என்று சொல்லும் இந்த மாதிரித் திட்டங்களில் வட்டி வேறு கட்டணத்தின் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்திருக்கிறது. ரொக்கத்துக்கு வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி, பிராசஸிங் கட்டணம், வட்டிப் பகுதிமீது 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதைவிட முக்கியம், கிரெடிட் கார்டு பில்லில் முழுத்தொகையைக் கட்டாமல் 'மினிமம்' மட்டும் கட்டுகிற பழக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீத அளவில் வட்டி ஓடும், வருஷத்துக்கு 42.

இந்தப் போனைக் கட்டி முடியுங்கள். அடுத்ததற்கு இப்போது கட்டும் தவணைத் தொகையையே மாதாமாதம் ஒதுக்கிவிட்டு, மொத்தமாகச் சேர்ந்ததும் கடைக்குப் போங்கள். வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை என்ற அந்த நினைப்பையும் சேர்த்துத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள்.

ஏசி ஆடம்பரமா, அவசியமா? வீட்டில் தினமும் சண்டை.
– வாசகர், வேலூர்

வேலூரிலிருந்து இந்தக் கேள்வியா! 1776-லேயே பொருளாதார மேதை ஆடம் ஸ்மித் எழுதிவைத்திருக்கிறார், கிரேக்கரும் ரோமரும் லினன் சட்டை இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள், ஆனால் தன் காலத்துக் கூலித் தொழிலாளி அது இல்லாமல் நாலு பேர் முன்னால் நிற்கவே கூசுவான், ஆகவே அது அவசியப் பொருள்தான் என்று. நம் ஊரில் 2006-ல் கலர் டி.வி.யும் 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேனும் தேர்தல் வாக்குறுதியாகி வீடு வீடாக வந்தன. 90-களில் இன்கமிங் காலுக்கே காசு பிடித்த செல்போன் இன்றைக்குப் பூ விற்பவர் மடியில் இருக்கிறது. அரசாங்கமே 2025 செப்டம்பர் 22 முதல் ஏசி மீதான ஜி.எஸ்.டி.யை 28-லிருந்து 18-ஆகக் குறைத்துவிட்டது. வயதானவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீடு என்றால் யோசிக்காமல் மாட்டுங்கள்.

பணத்தால் சந்தோஷத்தை வாங்க முடியாது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, திருப்பூர்

வாடகை கொடுக்க முடியாமல் நிற்பவரிடம் இதைச் சொல்லாதீர்கள், அது கொடுமை.

இதை ஆராய்ந்தவர்களே சண்டை போட்டுத்தான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அமெரிக்காவில் வருஷம் 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-ல் எழுதினார்கள், இருவருமே நோபல் பரிசு வாங்கியவர்கள். 2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், இல்லை, அதற்கு மேலும் கூடிக்கொண்டேதான் போகிறது என்றார். அப்புறம் இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்து 2023-ல் ஒன்றாக எழுதினார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது. மிகவும் துயரத்தில் இருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு லட்சம் டாலர் வாக்கில் அது நின்றுவிடுகிறது. பறிகொடுத்த துக்கமும் மனச்சோர்வும் பணம் எட்டாத இடத்தில் இருக்கின்றன. ஃபீஸ் கவலை, வாடகைக் கவலை, மாத்திரைக் கவலை எல்லாம் பணத்தால் தீரும் துன்பங்கள்தான், அவை தீரட்டும் என்று ஆசைப்படுவதில் பேராசை எதுவும் கிடையாது.

எனக்கு மல்லிகை என்றால் உயிர். மார்கழியில் விலை ஏறும்போதும் வெள்ளிக்கிழமை ஒரு முழம் வாங்குவேன். என் சம்பளம்தான். ஆனால் மாமியார் "காலையில் வாடுவதற்கு இவ்வளவா" என்கிறார். அதனால் விலையைக் குறைத்துச் சொல்லிவிடுகிறேன். மாமனார் காலமானதிலிருந்து அத்தை பூ வைப்பதில்லை.
– வாசகி, திண்டுக்கல்

பனிக்காலத்தில் மொட்டு கட்டுவது குறைந்துவிடும். மதுரை மாட்டுத்தாவணியில் அப்போது கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது அடிக்கடி நடப்பதுதான், விலையைக் கேட்டுப் பாதிப் பேர் கனகாம்பரத்துக்குப் போய்விடுவார்கள். அப்படியும் மதியமே மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றிவைத்து, சாயங்காலம் தலையில் வைத்த பிறகு ஒவ்வொன்றாக மலரும்போது வரும் வாசனைக்கு ஆசைப்படுகிறீர்கள். ஊருக்குக் காட்டவா செய்கிறீர்கள்? உங்கள் உழைப்பில், உங்களுக்கே உங்களுக்காக. தாராளமாக வாங்குங்கள்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடைசி வரியில் எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் படித்தேன். அவருடைய கோபம் முழுக்க விலையைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. கணவர் போனபின் பூவை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதிலாக உனக்கு வேறென்ன பிடிக்கும் என்று யாராவது அவரிடம் கேட்டார்களா? நீங்கள் கேளுங்கள். திருப்பித் தலையில் வைக்க ஆசையிருந்தால் வைத்துவிடுங்கள், இந்தக் காலத்தில் எத்தனையோ அம்மாக்கள் வைத்துக்கொள்கிறார்கள். கூச்சமாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம். சிலருக்கு நல்ல வெற்றிலை, சிலருக்கு ஒரு கோயில் பயணம், சிலருக்குத் தன் பெயரில் மாதம் ஐந்நூறு ரூபாய், எதுவானாலும் அதற்கும் வெள்ளிக்கிழமை மாதிரி ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். அப்புறம், பூ விலையைக் குறைத்துச் சொல்வதை இந்த வாரமே நிறுத்துங்கள். எண்பது ரூபாய் என்றால் எண்பது என்றே சொல்லுங்கள்.