இரண்டு ஆண்டுகள் களத்துக்கு அனுப்புங்கள்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் மகள் புவி இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்த கையோடு, ராஜஸ்தானில் எண்ணெய் தேடும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் நில அதிர்வு ஆய்வுக் குழுவில் வேலை வாங்கியிருக்கிறார். "பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் கிடக்கவா படிக்க வைத்தேன், வங்கித் தேர்வு எழுதலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்ணைப் பெற்றவரின் கவலை எனக்குப் புரிகிறது. இருந்தாலும், அவர் போகட்டும் என்பதே என் கருத்து.

இந்தத் துறையில் தரவு பிறக்கும் இடத்தைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் வேறுபாடு பெரிது. அதிர்வு வண்டிகளோ, துளைக்குள் வைத்த வெடியோ தரையை அதிரச் செய்யும். ஆழத்துப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலையை, வரிசையாக ஊன்றிய ஜியோபோன்கள் எனும் சிறு அதிர்வு உணரிகள் பதிவுசெய்யும். மணலில் ஒரு ஜியோபோன் சாய்ந்திருந்தாலே பதிவு கெட்டுப்போகும். காற்று வீசினாலும், டிராக்டர் ஓடினாலும், ஆட்டுமந்தை கடந்தாலும் அதுவும் பதிவாகிவிடும். பிறகு கணினித் திரையில் தெரியும் ஒரு கோடு பாறை அடுக்கா, வெறும் இரைச்சலா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்போது, களத்தில் நின்றவருக்கு எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும்.

நம் ஊரில் நீரோட்டம் பார்க்கும் மின்தடை ஆய்விலும் இதே கதைதான். நான்கு கம்பிகளை நட்டு, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். கோடையில் காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் வாங்காது. கம்பியின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தச் சிறு வேலையில் அலட்சியம் காட்டினால் அளவு தவறும். கடன் வாங்கி போர் போடும் விவசாயிக்குப் புழுதிதான் மிஞ்சும். இந்தப் பொறுப்புணர்வு வகுப்பறையில் வருவதில்லை.

அதற்காகக் களத்திலேயே தங்கிவிடவும் கூடாது. மழைக்காலத்தில் களப்பணி ஓயும்போது, தரவுச் செயலாக்கப் பிரிவில் உட்கார வாய்ப்புக் கேட்கச் சொல்லுங்கள். பைத்தான் நிரல்மொழி, லினக்ஸ் இயங்குதளம், அலைப் பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித முறை, மூன்றையும் கைவிடாமல் பழகட்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அலுவலக வேலைக்கு நகர இவையே கைகொடுக்கும்.

எண்ணெய்த் தொழிலின் நிலையாமையையும் மறைக்க மாட்டேன். 2014-இன் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டியிருந்த கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. உலகெங்கும் ஆய்வு நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. புதிதாகச் சேர்ந்தவர்களும் தப்பவில்லை. ஆகவே வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுக்கும் தயாராக வேண்டும். யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானிகள் தேர்வு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் புவி இயற்பியலாளர்களைத் தேர்ந்தெடுக்கிறது. பொதுப் பிரிவுக்கே 32 வயது வரை எழுதலாம். உங்கள் மகளுக்கு இப்போது 23தான். இயற்பியலில் எம்.எஸ்சி. படித்தவர்களும் இந்தப் பணிக்குப் போட்டியிடுவார்கள் என்பதால், அடிப்படை இயற்பியலில் அவர் பின்தங்கிவிடக் கூடாது. ஆராய்ச்சியில் நாட்டம் வந்தால், ஹைதராபாத்தில் 1961 முதல் இயங்கும் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வங்கித் தேர்வை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை; ஐந்தாண்டு படிப்பை அது வீணாக்கிவிடும்.

பாதுகாப்பைப் பற்றி நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். முகாமில் வேறு பெண்கள் இருக்கிறார்களா? தங்குமிடமும் கழிப்பறையும் தனியா? இரவுப் பயணத்துக்கு யார் வண்டி தருகிறார்கள்? விபத்துக் காப்பீடு எவ்வளவு? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை விடுப்பு? பணி நியமனக் கடிதத்தில் இவை இல்லையென்றால், மகளையே மின்னஞ்சலில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகு ஜோத்பூருக்கு டிக்கெட் எடுக்கலாம்.