அந்தப் பையனை ஏன் சொல்லாம அனுப்பினீங்க?

கேள்வி: நான் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு இயக்குநர். ட்ராமா இன்ஃபார்ம்டு கேர், அதாவது பிள்ளைங்க மனசுல பட்ட காயத்தைப் புரிஞ்சு நடந்துக்குற பராமரிப்பு முறைக்கு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு, ஸ்டாஃப் எல்லாருக்கும் ட்ரெய்னிங் குடுத்தாச்சு, அதோட ஆறு கொள்கையையும் லாமினேட் பண்ணி சுவத்துல மாட்டியிருக்கோம். ஆனாலும் ஒரு மாசமா பசங்க ராத்திரி தூங்குறதில்ல, கதவை உதைக்கிறாங்க, சாமானை உடைக்கிறாங்க. ஸ்டாஃபை அடிச்ச 14 வயசுப் பையனை போன மாசம் வேற ஹோமுக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. கலாட்டா வேண்டாம்னு மத்த பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கிறப்போ அனுப்பிட்டோம், கேட்டா லீவுக்குப் போயிருக்கான்னு சொல்லச் சொல்லியிருக்கோம். அவனோட 8 வயசுத் தங்கச்சி எங்ககிட்டதான் இருக்கா, அவ மட்டும் எந்தத் தொந்தரவும் இல்லாம நல்லா செட்டில் ஆயிட்டா. இப்ப இன்னும் ரெண்டு பசங்க அவனை மாதிரியே ஆரம்பிச்சிருக்காங்க. நல்ல ஸ்டாஃப் ரெண்டு பேர் வேலையை விட்டுட்டாங்க. எனக்கும் முடியல, விட்டுடுன்னு வீட்டுல சொல்றாங்க. அந்த ரெண்டு பசங்களையும் மாத்திடவா, இல்ல நானே கிளம்பிடவா?

பதில்: யாருக்குக் கலாட்டா வேண்டாம்? மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க கேட்ட கேள்விக்கு அப்புறம் வர்றேன்.

ஹோம் நடத்துறவங்க எனக்கு நிறைய பேர் எழுதுறாங்க, ஸ்டாஃப் பத்தலை, தூக்கமில்ல, பசங்க கேக்க மாட்டேங்குறாங்கன்னு. எல்லாம் உண்மைதான், அதைப் பத்தி ஆறுதல் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. உங்க லெட்டர்ல நீங்க போற போக்குல எழுதிட்டுப் போன ஒரு வரியிலதான் மொத்த விஷயமும் இருக்கு, மத்த பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கிறப்போ அனுப்பிட்டோம்னு.

அன்னைக்கு சாயங்காலம் பிள்ளைங்க திரும்பி வந்தப்போ என்ன பாத்திருப்பாங்க? படுக்கையில விரிப்பு இல்ல. அலமாரித் தட்டு காலி. அவன் டூத் பிரஷ் கூட இல்ல. லீவுக்குப் போறவன் மழைக்கோட்டையும் பழைய ஷூவையும் மூட்டை கட்டிட்டா போவான்? பெரியவங்க முகத்தைப் பாத்தே அடுத்து என்ன நடக்கும்னு கண்டுபிடிச்சு தப்பிச்சு வந்த பிள்ளைங்க இவங்க, இவங்ககிட்ட போய் லீவுன்னா நம்புவாங்களா. இதுல பாதிப் பேர் உங்ககிட்ட வந்து சேர்ந்ததே இப்படித்தானே, ஒரு நாள் யாரோ வந்தாங்க, வண்டியில ஏத்தினாங்க, எங்கன்னு யாரும் சொல்லல. அதையே நீங்க மறுபடி நடத்திக் காட்டிட்டு, ஏன் ராத்திரி தூங்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு எழுதுறீங்க. அடுத்தது நாமளான்னு பயம்மா, வேற என்ன.

சுவத்துல மாட்டியிருக்கீங்களே, அந்த ஆறு கொள்கை அமெரிக்க அரசோட மனநல ஏஜென்சி சாம்சா 2014-ல போட்டது. ரெண்டாவதா என்ன இருக்குன்னு எழுந்து போய் படிங்க. நம்பகத்தன்மை, வெளிப்படைத்தன்மை. பட்ட காயத்தை மறுபடி கீறாதேங்குறதும் அதே வழிகாட்டுதல்லதான் வருது. பிள்ளைங்க அந்தப் பேப்பரையும் பாக்குறாங்க, நீங்க செஞ்சதையும் பாக்குறாங்க.

அந்தச் சின்னப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு நிஜமாவே கோபம் வந்தது இங்கதான். கூடப்பிறந்த அண்ணன் திடீர்னு காணாமப் போயிட்டான், அழல, கேக்கல, அதுக்குப் பேரு செட்டில் ஆயிட்டாளா? தாயைப் பிரியுற குழந்தைங்களை பிரிட்டன்ல ஆராய்ச்சி பண்ணின ஜான் பவுல்பியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும் 1950-கள்லயே இதைச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில தாயைப் பிரிஞ்சு கிடந்த சின்னக் குழந்தைங்க மொதல்ல கத்தி அழும், அப்புறம் சோர்ந்து போகும், கடைசியில யார் வந்தாலும் போனாலும் கண்டுக்காது. அந்தக் கடைசி நிலையைப் பாத்துதான் நர்ஸுங்க குழந்தை தேறிடுச்சுன்னு நினைச்சாங்க. அதெல்லாம் கைக்குழந்தையை விட கொஞ்சம் பெரிய குழந்தைங்க, இவளுக்கு வயசு 8, சரிதான். ஆனா 8 வயசுக்குக் கூடுதலா ஒண்ணு தெரியும், அடம் பிடிச்சா நம்மையும் அனுப்பிடுவாங்கன்னு. கதவை உதைக்கிறவனை விட எனக்கு இவளைப் பத்திதான் கவலை அதிகம்.

ரத்த சொந்தம்னு கையில மிஞ்சி இருக்கிறது ஒரு அண்ணன், அதைப் பிரிக்க எந்த ஹோமுக்கும் உரிமை கிடையாதுன்னு நினைக்கிறவ நான், இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. பெத்தவங்ககிட்ட இல்லாம வளர்ற குழந்தைங்களுக்காக ஐ.நா. பொதுச்சபை 2009-ல ஏத்துக்கிட்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் அதையே சொல்லுது, கொடுமை நடக்கும்ங்குற தெளிவான ஆபத்தோ, குழந்தையோட நன்மைக்காக வேற காரணமோ இருந்தாலொழிய கூடப்பிறந்தவங்களைப் பிரிக்கக் கூடாது, பிரிச்சாலும் தொடர்பு அறாம பாத்துக்கணும்னு. அவன் அடிச்சது ஸ்டாஃபை, தங்கச்சியை இல்லையே.

ஸ்டாஃப் அடி வாங்கிட்டே இருக்கணும்னு நான் சொல்லல. அடி வாங்கினவரோட அன்னைக்கு யாராவது உக்காந்து பேசினீங்களா, ரெண்டு நாள் ரெஸ்ட் குடுத்தீங்களா, லெட்டர்ல அது பத்தி ஒரு வார்த்தை இல்ல. வேலையை விட்டவங்க எதுக்கு விட்டாங்கன்னு கேட்டுப் பாருங்க. தினம் ராத்திரி அந்தக் குழந்தைங்க முகத்தைப் பாத்து லீவுக்குப் போயிருக்கான்னு பொய் சொல்ல வச்சீங்களே, மனசாட்சி உள்ள ஆள் எத்தனை நாள் அந்த நைட் டியூட்டி பாப்பாங்க?

இனி செய்ய வேண்டியது. இந்த வாரமே நீங்க நேர்ல போய் அந்தப் பையனைப் பாருங்க, டிரைவரையோ கேஸ் ஒர்க்கரையோ மட்டும் அனுப்பாதீங்க. அடிச்சது தப்புதான், ஆனா உன்னை அனுப்பின விதம் எங்க தப்புன்னு அவன்கிட்ட சொல்லுங்க, அவன் திட்டினா வாங்கிக்கோங்க. திரும்பி வந்து அந்தப் பொண்ணுகிட்ட தனியா, அவளுக்குப் பிடிச்ச ஸ்டாஃபைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உண்மையைச் சொல்லுங்க, அண்ணன் இருக்கிற இடத்தோட பேரைச் சொல்லுங்க, என்னைக்குப் பாக்கப் போறோம்னு தேதி சொல்லுங்க. அவ அழுதா சமாதானப்படுத்த அவசரப்படாதீங்க. அதுக்கப்புறம்தான் மத்த பிள்ளைங்களைக் கூட்டி வச்சு, நாங்க பொய் சொல்லிட்டோம், இனி யார் போனாலும் முன்னாடியே சொல்லுவோம், எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போக நேரம் குடுப்போம்னு சொல்லணும். அவன் திரும்பி வருவானான்னு கேப்பாங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லுங்க, வாக்கு குடுத்துட்டு இன்னொரு தடவை ஏமாத்தாதீங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்க வழி உண்டான்னு கேஸ் ஒர்க்கரோட உக்காந்து விடாம பேசுங்க. அதுவரைக்கும் வாரா வாரம் போன், குறிச்ச நாள்ல நேர்ல சந்திப்பு, இதைத் தண்டனையா நிறுத்துற அதிகாரம் உங்களுக்கே கிடையாதுன்னு எழுதி கையெழுத்துப் போடுங்க.

அந்த ரெண்டு பசங்களை மாத்துறது தலைவலிக்குத் தலையணையை மாத்துற வேலை. கனடாவுல இந்த மாதிரி இல்லங்களை ஆராய்ச்சி பண்ணின ஜேம்ஸ் ஆங்லின் இந்த ஆர்ப்பாட்டத்தை வலியில இருந்து வர்ற நடத்தைன்னு சொன்னார். அவங்க கலாட்டா பண்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் என்ன நடந்ததுன்னு ஸ்டாஃபை எழுதச் சொல்லுங்க, யார் டியூட்டி, யார் என்ன சொன்னாங்க, காலியா கிடக்குற அந்தப் படுக்கை அவங்க ரூம்லயா. ராத்திரி தெரிஞ்ச முகமா ஒருத்தரைப் போடுங்க, தினம் ஆள் மாறக் கூடாது.

உங்களுக்கு முடியலைங்குறது எனக்குப் புரியாம இல்ல. நீங்க பாரத்தை இறக்கி வச்சுப் பேச மேல ஒரு ஆள் வேணும், வெளியில இருந்து அனுபவமுள்ள ஒரு சூப்பர்வைசர் வேணும்னு நிர்வாகக் குழுகிட்ட கேட்டு வாங்குங்க, அது சலுகை இல்ல, இந்த வேலைக்கு அது வேணும். ராஜினாமா பத்தி அண்ணனும் தங்கச்சியும் பாத்துக்குற ஏற்பாடு ஆனதுக்கு அப்புறம் யோசிங்க. அப்பவும் போறதுன்னுதான் முடிவு பண்ணினா, தேதியோட முன்கூட்டியே பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லணும், அவங்க ஸ்கூல்ல இருந்து வந்து வீட்டுல இருக்கிற நேரத்துலதான் கிளம்பணும்.