.308 உறை சேம்பரில் இறுகினால் எந்த டை?

நண்பரே, .308 போல்ட் ரைஃபிள், நெக் சைசிங் டை (சுட்ட உறையை மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) மட்டும், உறையை நாலாவது முறை மீண்டும் நிரப்பிய (ரீலோடு) பிறகு போல்ட் கைப்பிடி இறங்க மறுக்கிறது, ஸ்மால் பேஸ் டை வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உறை முழுவதையும் சுருக்கும் சாதாரண ஃபுல் லெங்த் டை போதும்.

நெக் டை கழுத்தை மட்டும்தான் இறுக்கும். உடலும் தோளும் ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, கடைசியில் தோட்டா அமரும் அறையான சேம்பரை அடைத்துக்கொண்டு நிற்கும். அடிப்பகுதியை இன்னும் இறுக்கும் ஸ்மால் பேஸ் பெரும்பாலும் செமி ஆட்டோக்காரர்களுக்கு. உங்களுக்கு அது பிராஸின் (பித்தளை உறையின்) ஆயுளைக் குறைக்கும், அவ்வளவே.

எந்த டை என்பதைவிட அதை எப்படி செட் செய்கிறீர்கள் என்பதுதான் விஷயம். உறையைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை ஒரேயடியாக இறக்கிவிடாதீர்கள். சுட்ட உறையின் தோளை கம்பேரேட்டர் வைத்து அளந்து, அது 0.002 அங்குலம் பின்னே போகும்வரை டையைத் துளித்துளியாகத் திருகுங்கள். அளவுக்கு மீறித் தள்ளிக்கொண்டே இருந்தால், சில சூடுகளில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அந்த உறை அடுத்த சூட்டில் இரண்டாகப் பிரியலாம். யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். சைஸ் செய்தபின் உறையின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் ட்ரிம்.

கையில் காசு இருந்தால் புஷிங் டை, அதாவது கழுத்தை இறுக்கும் வளையத்தை (புஷிங்) மாற்றிக்கொள்ளக்கூடிய டை. குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்தை அளந்து 0.002 கழியுங்கள்: 0.336 என்றால் 0.334 புஷிங்.

ரைஃபிள் உறைக்கு கார்பைடு (மிகக் கடினமான பொருள்) டையானாலும் லூப் (மசகு) கட்டாயம். கார்பைடுக்கு லூப் வேண்டாம் என்னும் பிஸ்டல் ஆட்கள் பேச்சைக் கேட்டு வெறுமனே நுழைத்தால் உறை டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்காகத் தோளில் லூப்பை அப்பவும் வேண்டாம், பள்ளம் விழும்.