யார் முதலில் பேசுவது?

அன்புள்ள ஐயா,

நாங்கள் காதலித்து மணந்துகொண்டவர்கள். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை வருகிறது. அதன்பின் அவர் நான்கைந்து நாட்கள் வாயே திறப்பதில்லை. நானும் இறங்கிப் போவதில்லை. சண்டையே போடாத என் தோழியின் குடும்பத்தைப் பார்க்கும்போது, எங்கள் காதல் தோற்றுவிட்டதோ என்று தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

சண்டை வருவதை வைத்துக் காதலை அளக்காதீர்கள். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் கடைசி மூன்றை வள்ளுவர் ஊடலுக்கே கொடுத்திருக்கிறார். 1330ஆவது குறளும் ஊடலின் இன்பத்தைச் சொல்லித்தான் நூலை முடிக்கிறது. ஆனால் புலவியை, அதாவது ஊடலை, உணவிலிடும் உப்புக்கு ஒப்பிடும் அவரே, அதை நீளவிடுவது உப்பு மிகுந்துபோனதைப் போன்றது என்றும் சொல்கிறார். உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது சண்டை அல்ல, அந்த நான்கைந்து நாட்கள்.

‘ஊடி யவரை உணராமை வாடிய
வள்ளி முதலரிந் தற்று.’

ஊடியிருப்பவரைத் தேற்றாமல் விடுவது, வாடி நிற்கும் கொடியை அடியோடு அறுப்பதற்கு ஒப்பானது. ‘வாடிய’ என்ற சொல்லில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். வாடிய கொடிக்கு இன்னும் உயிர் இருக்கிறது, அது நீரை எதிர்பார்த்துத்தான் தலைசாய்ந்திருக்கிறது; உங்கள் கோபமும் அப்படிப்பட்டதே என்பதை உங்கள் கணவர் அறிய வேண்டும், அவருடைய மௌனத்திலும் ஒரு வாட்டம் இருக்கக்கூடும் என்பதை நீங்களும் அறிய வேண்டும்.

இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தம்பதியரின் உரையாடல்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், சண்டையின் நடுவே பேச்சை நிறுத்திக்கொள்பவருக்குப் பெரும்பாலும் இதயத்துடிப்பு மிகவும் ஏறியிருப்பதைக் கண்டார். உடல் தணியக் குறைந்தது 20 நிமிடங்களாவது விலகியிருந்துவிட்டு மீண்டும் பேச வரும்படி அவர் அறிவுறுத்துகிறார். விலகுவதில் பிழையில்லை, திரும்பி வருவதற்கு நேரம் குறிக்காமல் விலகுவதுதான் மற்றவரைத் தவிக்க வைக்கிறது. ‘இப்போது என்னால் பேச முடியவில்லை, இரவு சாப்பிட்டதும் பேசலாம்’ என்று சொல்லிவிட்டுப் போக இருவரும் பழகிக்கொள்ளுங்கள். சொன்னபடி பேசவும் செய்யுங்கள்.

சங்கப் பாடல்களில் ஊடிய தலைவியிடம் தூது செல்லப் பாணனும் தோழியும் ‘வாயில்’களாக இருந்தார்கள். (அந்த ஊடல்களுக்குப் பெரும்பாலும் தலைவனின் பரத்தமையே, அதாவது வேறு பெண்களை நாடிப் போவதே, காரணம்; அதைப் பொறுத்துப்போகும்படி எந்தப் பெண்ணிடமும் நான் சொல்லமாட்டேன்.) இரண்டு பேர் மட்டுமே வாழும் வீட்டில் அப்படிப்பட்ட வாயில் யாருமில்லை, ஆகவே இருவரில் ஒருவரே தூதராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. இந்த முறை நீங்கள் போய்ப் பேசுங்கள். அதனால் நீங்கள் தாழ்ந்துவிடமாட்டீர்கள். அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் நீங்களேதான் போக வேண்டியிருக்கிறது என்றால், உங்களைப் பணியவைக்கும் தண்டனையாக அவர் மௌனத்தைக் கையாள்கிறார் என்று பொருள். அப்போது தயங்காமல் இருவருமாக ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள், அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.