பவுலிங் பந்தைப் பராமரிக்க வீட்டுக்கு இயந்திரம் தேவையா?

வாசகர் கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ரயிலில் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று, பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் டென்பின் பவுலிங் ஆடி வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஆறு முதல் எட்டு ஆட்டங்கள் ஆடுவேன். என்னிடம் 15 பவுண்டு ரியாக்டிவ் ரெசின் பந்து ஒன்றும், ஸ்பேர் அடிப்பதற்கான, அதாவது முதல் வீச்சில் சாயாமல் நின்ற பின்களை வீழ்த்துவதற்கான, பிளாஸ்டிக் பந்து ஒன்றும் இருக்கின்றன. வாங்கிய புதிதில் நன்றாக வளைந்து வந்த ரியாக்டிவ் பந்து, ஓராண்டுக்குள் ஏறத்தாழ நேராகவே ஓடுகிறது. பந்தைச் சுழற்றித் தேய்க்கும் ஸ்பின்னர், எண்ணெய் இறக்கும் சூட்டுப்பெட்டி இரண்டையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாமா? மே மாத வெயிலில் மொட்டை மாடியில் வைத்தாலே எண்ணெய் இறங்கிவிடும் என்கிறார் ஒரு நண்பர். அது சரியா?

பதில்: நீங்கள் சொல்லும் அளவுக்கு ஆடுபவருக்கு இரண்டு இயந்திரங்களும் தேவையில்லை. பந்தை மொட்டை மாடிக்கும் கொண்டுபோக வேண்டாம். ஆனால் பராமரிப்பு கட்டாயம் தேவை. இதுவரை அது நடக்கவில்லை என்பதே உங்கள் கேள்வியிலிருந்து எனக்குப் புரிகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பந்தின் வயதை மாதங்களில் அல்ல, ஆடிய ஆட்டங்களில்தான் கணக்கிட வேண்டும். ரியாக்டிவ் பந்தின் பரப்பை ஐம்பது, அறுபது ஆட்டங்களுக்கு ஒருமுறை தேய்த்துப் புதுப்பிப்பதும், அறுபது முதல் நூறு ஆட்டங்களுக்குள் ஒருமுறை உள்ளே இறங்கிய எண்ணெயை வெளியே எடுப்பதும் இத்துறையில் பரவலான வழக்கம். நீங்கள் மாதத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு ஆட்டங்கள் ஆடுகிறீர்கள். அதாவது நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை தேய்த்தால் போதும். கையால் தேய்க்க முக்கால் மணி நேரம் ஆகும். ஸ்பின்னரில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். ஆக, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அந்த இயந்திரம் உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரப்போவது ஒன்றரை மணி நேரம்தான். அதற்காகச் சில நூறு டாலர் விலை, அதன் மேல் சரக்குக் கட்டணம், சுங்க வரி என்று செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

பந்து ஏன் வளைய மறுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பது விளங்கிவிடும். வீசுபவர் தாண்டக் கூடாத தவறுக்கோட்டிலிருந்து முதல் பின் வரை, பந்து உருளும் பாதையான லேனின் நீளம் 60 அடி. அதில் முன்பகுதியில், பெரும்பாலும் 38 முதல் 42 அடி வரை, கனிம எண்ணெய் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும்; ஒரு லேனுக்கு ஆகும் எண்ணெய் பொதுவாக 20 முதல் 30 மில்லிலிட்டர். பந்து அந்த எண்ணெயில் வழுக்கிச் சென்று, கடைசிப் பதினெட்டு இருபது அடி வறண்ட பகுதியில் பிடிமானம் கிடைத்ததும் திரும்புகிறது. 1990-களின் தொடக்கத்தில் பரவிய ரியாக்டிவ் ரெசின் மேலுறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பரப்பில் ஒட்டும் எண்ணெயை அவை உறிஞ்சிக்கொள்வதால்தான் பந்துக்கு அந்தப் பிடிமானம் கிடைக்கிறது. இந்தப் பந்தின் சிறப்பும் அதுதான், நோயும் அதுதான்: துளைகள் நிறைந்த பிறகு எண்ணெய் உள்ளே போக வழியின்றி மேலேயே நின்றுவிடுகிறது, வறண்ட பகுதிக்கு வந்தபோதும் பந்து எண்ணெயைச் சுமந்தபடியே வழுக்குகிறது.

இரண்டாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது மேலுறையில் குறிப்பிட்ட அளவு சொரசொரப்பு இருக்கும். பந்து லேனில் உரசி உரசி, அந்த நுண்ணிய மேடுகள் மழுங்கிவிடுகின்றன. குழல்விளக்கின் கீழே பந்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மற்ற இடங்கள் மங்கலாக இருக்க, லேனில் உருளும் தடம் மட்டும் பட்டையாகப் பளபளத்தால், பரப்பு மழுங்கியிருக்கிறது என்று பொருள். என் அனுபவத்தில், நேராக ஓடத் தொடங்கிய பந்துகளில் பாதிக்கு மேற்பட்டவை எண்ணெய் இறக்குவதற்கு முன்பே, பரப்பைத் தேய்த்த அளவிலேயே திரும்பத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே சூட்டுப்பெட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் தேய்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உங்கள் பிளாஸ்டிக் பந்துக்கு இவை எதுவும் பொருந்தாது. பாலியஸ்டர் மேலுறை எண்ணெயை உறிஞ்சுவதில்லை. நேராக ஓடுவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறீர்கள். துடைத்து வைத்தால் போதும்.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். ஸ்பின்னர் என்பது ஒரு மோட்டார், அதன் மேல் பந்து அமரும் கிண்ணம், அவ்வளவுதான். அது கையால் முடியாத எதையும் செய்வதில்லை. வேகமாகவும் ஒரே சீராகவும் செய்கிறது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட ஸ்பின்னர்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுபவை. நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், கூடுதலாகச் சூடாகும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். அங்கிருப்பவருக்கு அது பிரச்சினையே இல்லை. சூட்டுப்பெட்டியின் மதிப்பு வெப்பத்தை ஒரு வரம்புக்குள் நிறுத்தி வைப்பதில் இருக்கிறது. அந்த வேலையை ஒரு வாளியும் ஒரு தெர்மாமீட்டரும் செய்யும்.

நீங்கள் வாங்க வேண்டியவை சொற்பம். மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் அல்லது பந்துக்கென விற்கும் துப்புரவுத் திரவம் ஒரு புட்டி, 500, 1000, 2000, 4000 எண்களில் நுரைத்தளம் கொண்ட தேய்ப்பு வட்டுகள். பின்லாந்தின் மிர்கா நிறுவனம் தயாரிக்கும் அப்ரலான் வட்டுகள் இதில் பெயர்பெற்றவை. கழுவிக் காயவைத்துப் பலமுறை பயன்படுத்தலாம். ஆனால் தேயத் தேய வட்டின் கடுமை குறையும் என்பதால், ஒவ்வொன்றின் பின்புறமும் எத்தனை முறை பயன்பட்டது என்று கோடு போட்டு வையுங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரைக் கொண்டும் தேய்க்க முடியும்; ஆயினும் அது பந்தின் வளைவோடு படியாமல் ஓரத்தில் கீறும், அதன் எண்களும் அப்ரலான் எண்களும் ஒன்றல்ல.

எண் கூடக் கூடப் பரப்பு வழவழப்பாகும் என்பதை வட ஆற்காட்டுக்காரருக்கு விளக்கவே வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் பஃப்பிங் செய்யும்போது எமரித் தாளின் எண்ணை மாற்றித் தோலின் முகத்தை எப்படி மாற்றுகிறார்களோ, அதே கதைதான் இங்கும். உங்கள் பந்தின் தொழிற்சாலைப் பரப்பு எந்த எண்ணில் முடிக்கப்பட்டது என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருப்பார். அதுவே உங்கள் இலக்கு.

தேய்க்கும்போது பந்து உருளாமல் இருக்க வேண்டும். பானை வைக்கும் புரிமணை வீட்டில் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் பழைய துண்டை முறுக்கி வளையமாக்கிக்கொள்ளுங்கள். விரல் துளைகளை நீர்புகா டேப்பால் மூடிவிட்டு, பந்தை ஆறு முகங்களாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்: மேல், கீழ், நான்கு பக்கம். வட்டையும் பந்தையும் தண்ணீரால் நனைத்து, ஒரு முகத்துக்கு ஒரு நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்தே, உள்ளங்கை முழுவதும் படியுமாறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். விரல்நுனியால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் ஆழமாகத் தேயும். பந்தின் நிறத்திலேயே ஒரு குழம்பு கிளம்பி வழியும்; நீலப் பந்தென்றால் நீலச் சேறு. அது வருகிறதென்றால் வேலை நடக்கிறது என்று அறியலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் அதைச் சுத்தமாகக் கழுவாவிட்டால், முந்தைய வட்டின் துகள் அடுத்த வட்டின் கீழே சிக்கிப் புதுக் கீறல் போடும். இலக்கு 2000 என்றால் 500, 1000, 2000 என்று ஏறி அங்கேயே நிறுத்திவிடுங்கள். நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறல்கள் தடத்தில் இருந்தால் மட்டும் பந்தைத் துளையிடும் கடைக்காரரிடம் கொடுங்கள். அதைக் கையால் சரிசெய்யப் பார்த்தால் பந்தின் உருண்டை கெடும்.

எண்ணெய் இறக்குவது தேய்ப்பதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டிய வேலை. பந்தின் விட்டம் ஏறத்தாழ 21.6 சென்டிமீட்டர் என்பதால் 20 லிட்டர் வாளி வசதியாக இருக்கும். பந்து தானே ஐந்து லிட்டருக்கு மேல் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்துப் பாதிக்குச் சற்று மேல் தண்ணீர் நிரப்புங்கள். 15 பவுண்டுப் பந்து மிதக்காது, மூழ்கும். ஆகவே அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு வையுங்கள். தண்ணீரின் சூடு 50 முதல் 55 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். கீசரிலிருந்து நேரே வரும் தண்ணீர் இதைத் தாண்டக்கூடும் என்பதால், கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, துளைகளுக்கு டேப் ஒட்டிய பந்தை மெதுவாக இறக்கி இருபது நிமிடம் வைத்தால், தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கக் காண்பீர்கள். எடுத்து உடனே துடைத்து, தண்ணீரை மாற்றி, படலம் வராமல் போகும்வரை மீண்டும் செய்யுங்கள். ஓராண்டாக எதுவும் செய்யாத பந்துக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். டேப்பைப் பிரித்து ஓரிரவு காயவிட்ட பிறகே தேய்க்கத் தொடங்க வேண்டும்.

நண்பர் சொன்ன மொட்டை மாடி யோசனையில் பாதி உண்மை இருக்கிறது: சூடேறினால் எண்ணெய் வியர்த்து வெளியே வரும். ஆனால் கத்திரி வெயிலில் காற்றின் வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், நேர்வெயிலில் கிடக்கும் கருநிறப் பந்தின் பரப்பு அதைவிட வெகுவாகச் சூடாகும். எவ்வளவு என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. மேல்பக்கம் கொதிக்க, அடிப்பக்கம் ஆறியிருக்கும். மேலுறையும் உள்ளிருக்கும் கருவும் வெவ்வேறு பொருள்கள் என்பதால் வெவ்வேறு அளவில் விரிந்து, மேலுறையில் வெடிப்பு விழும். வெடித்த பந்துக்கு மருந்து கிடையாது. இதே காரணத்தால் பந்தைக் காரின் டிக்கியில் விட்டுவைப்பதும், சமையலறை அவனில் வைப்பதும் தவறு. மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 60 டிகிரியைத் தாண்டக்கூடும்.

தின்னர், அசிட்டோன், காலணித் தொழிலில் புழங்கும் கரைப்பான்கள் ஆகியவற்றையும் பந்தின் அருகில் கொண்டுவர வேண்டாம். அவை எண்ணெயோடு மேலுறையையும் இளக்கிவிடும். 1973-ல் டான் மெக்கியூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் பிளாஸ்டிக் பந்துகளைக் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கி அந்த ஆண்டின் சிறந்த வீரரானார்; பந்தின் கடினத்தன்மைக்கு விதிகளில் கீழ்வரம்பு வந்தது அதன் பிறகுதான். போட்டிகளில் ஆடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் அறிந்திருங்கள்: அங்கே இந்த ஆட்டத்துக்கு விதி வகுக்கும் அமைப்பான அமெரிக்க பவுலிங் காங்கிரஸின் விதிப்படி 2020 ஆகஸ்டு 1 முதல் ஆட்டத்தின் நடுவே எந்தத் திரவத்தாலும் பந்தைத் துடைக்கக் கூடாது, உலர்ந்த துண்டு மட்டுமே அனுமதி. ஆகவே ஒவ்வொரு வீச்சுக்கும் முன் உலர்ந்த துண்டால் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டு, ஆல்கஹாலை ஆட்டம் முடிந்ததும், ரயிலுக்குக் கிளம்பும் முன், பந்து இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பயன்படுத்துங்கள். காட்பாடியில் வந்து இறங்கிய பிறகு துடைத்தால் அதற்குள் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கும். இந்த ஒரு பழக்கம் எந்த இயந்திரத்தைவிடவும் பந்தின் ஆயுளை நீட்டும்.

உங்களோடு ரயிலேறும் நண்பர்கள் நான்கைந்து பேர் இருந்து, ஆளுக்கு இரண்டு மூன்று ரியாக்டிவ் பந்துகள் வைத்து வாராவாரம் ஆடினால் கணக்கு மாறும். அப்போது மாதம் இரண்டு மூன்று பந்துகளாவது தேய்க்க வேண்டி வரும். கூட்டாக ஒரு ஸ்பின்னர் வைத்துக்கொள்வது நியாயம். அதையும் தருவிக்காமல், ராணிப்பேட்டைப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில், நம் மின்சாரத்துக்கே உரிய மோட்டாரைக் கொண்டு செய்துகொள்ளலாம். பட்டறைக்காரரிடம் மூன்று விஷயங்களை அழுத்திச் சொல்லுங்கள். கிண்ணத்தின் மையமும் மோட்டார் தண்டின் மையமும் இம்மியும் விலகக் கூடாது. ஏழு கிலோ எடை சுழலும்போது பந்து எகிறாமல் இருக்கச் சுற்றிலும் தடுப்பு வேண்டும். ஈரத்தோடு செய்யும் வேலை என்பதால் மோட்டார் மூடிய வகையாகவும், எர்த் இணைப்போடும் இருக்க வேண்டும். அதை இணைக்கும் வீட்டு மின்சுற்றில் கசிவு நேர்ந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் பந்தை ஏற்றிச் சுழலவிட்டு, ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் பக்கவாட்டில் மெல்லத் தொடவையுங்கள்: கோடு பந்தைச் சுற்றி முழு வளையமாக விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் கிண்ணத்தைத் திரும்பக் கடையச் சொல்லுங்கள்.