புதன்கிழமை ராத்திரி, வாடகை போர்ஷ, தண்ணி ஓரம் டின்னர்: பேப்பர்ல யார் பேரு இருக்கு?

சிங்கப்பூர் செங்காங்ல இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்காரு. பத்தாவது கல்யாண நாள், புதன்கிழமை வருது. மனைவியையும் ஆறு வயசு பொண்ணையும் மரினா பே பக்கம் தண்ணி ஓரமா இருக்கற ஒரு ரெஸ்டாரண்டுக்கு போர்ஷ கார்ல கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. டெலிகிராம் குரூப் ஒண்ணுல ஒருத்தர் தன்னோட சொந்தக் காரை சாயங்காலம் 6 மணியில இருந்து நடுராத்திரி வரைக்கும் 280 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) தர்றேன்னு சொல்லி, 500 வெள்ளி டெபாசிட்டை போன்லயே பணம் அனுப்பற பேநவ்ல வாங்கிட்டாராம். சாப்பாட்டோட ரெண்டு கிளாஸ் வைன் குடிச்சா, திரும்பி வர்றப்ப வண்டியை ஓட்டிக் கொண்டுவந்து விடற வேலே டிரைவர் ஒருத்தரைக் கூப்பிட்டுக்கலாம்னு பிளான். "இதுல ஏதாவது பிரச்சினை இருக்கா?"ன்னு கேக்கறாரு.

இருக்கு சார். மொதல்ல கல்யாண நாள் வாழ்த்துகள், அப்புறம்தான் மத்தது.

வாடகை வண்டித் தொழில்ல பதினேழு வருஷம் இருந்திருக்கேன், அதுல பாதி கிளெய்ம் மேசையில. உங்க பிளான் முழுக்கப் படிச்சா எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் கண்ணுல படுது. அன்னிக்கு ராத்திரி அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போற ஒவ்வொரு ஆளோட பேரும், அந்த நாளுக்கு, அந்த வண்டியோட பேப்பர்ல இருக்கா? நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா ஒருத்தர் பேரும் இல்ல, உங்க பேரும் சேர்த்துத்தான்.

சொந்த வண்டின்னு பதிவான காரை இங்க இஷ்டத்துக்கு வாடகைக்கு விட முடியாது. தனியார் கார் வாடகைத் திட்டத்துல வெள்ளிக்கிழமை ராத்திரி 7 மணியில இருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரைக்கும்தான் விடலாம், பொது விடுமுறைன்னா அதுக்கு முந்தின நாள் ராத்திரி 7ல இருந்து விடுமுறைக்கு மறுநாள் காலை 7 வரைக்கும், அதுக்கும் அந்த வண்டியோட இன்சூரன்ஸ் வாடகைக்கு விடறதை ஒத்துக்கிட்டிருக்கணும். உங்க கல்யாண நாள் புதன்கிழமை. அனுமதி வாங்கின தளம் வழியா எடுக்கறது வேற கதை, அதுக்குள்ள இப்ப போகல. டெலிகிராம்ல ஒரு ஆளு "பிரதர், நோ பிராப்ளம் லா"ன்னு சொல்றது எந்தத் திட்டத்துலயும் சேராது. ஒரு சின்ன உரசல் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க கேக்கற மொத கேள்வியே வண்டி என்ன உபயோகத்துக்குப் போச்சுன்னுதான், நீங்க பொய் சொல்லணும், இல்லேன்னா மொத்த பில்லையும் கட்டணும்.

இவ்வளவு பேரு ஏன் இப்படி விடறாங்கன்னா காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2023 அக்டோபர்ல பெரிய கார் சிஓஇ மட்டும் 150,001 வெள்ளிக்குப் போச்சு, அது பத்து வருஷத்துக்கு வண்டி வச்சுக்க அனுமதிக் காசு, வண்டி விலை தனி. அதுக்கு மேல விலை ஒசந்த வண்டிக்கு கூடுதல் பதிவுக் கட்டணம் 320 சதவீதம் வரைக்கும் ஏறும். ஆசைப்பட்டு வாங்கிட்டு மாசத் தவணை கழுத்தை நெரிக்கறப்ப சாயங்கால வாடகை நல்ல வழியாத் தெரியுது. ஆனா என் அனுபவத்துல அந்த மாதிரி ஓனரை விட மோசம் ஓனரே இல்லாத ஆளுதான். ஒரு கம்பெனிக்கிட்ட மாச வாடகைக்கு வண்டி எடுத்து, அதையே நம்ம மாதிரி ஆளுங்ககிட்ட ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரின்னு சில்லறை வாடகைக்கு விடறவன். கம்பெனி ஒப்பந்தத்துல இவன் பேரு மட்டும்தான் இருக்கும், உங்க பேரு எங்கயும் இருக்காது. வண்டியில ஒரு கோடு விழுந்தா உங்க டெபாசிட்டை எடுத்துக்கிட்டு போனை அணைச்சுடுவான், கோடே விழலைன்னாலும் விழுந்ததா ஒரு போட்டோ அனுப்புவான், அந்தப் போட்டோ எப்ப எடுத்ததுன்னு சாமிக்குத்தான் தெரியும்.

ஒரு வழி சொல்றேன், காசு செலவில்லாதது. பேநவ் அனுப்பறதுக்கு முன்னாடி திரையில ஒரு பேரு வருமே, அது கம்பெனி பேரா, தனி ஆளு பேரான்னு பாருங்க. கம்பெனி பேருன்னா அதை கம்பெனிகளைப் பதிவு பண்ற அக்ராவோட பிஸ்ஃபைல் இணையதளத்துல போட்டுத் தேடுங்க, உசிரோட இருக்கா, மூடியாச்சான்னு தெரிஞ்சுடும். தனி ஆளு பேரு வந்தா அங்கயே நிறுத்துங்க. நீங்க அனுப்பியாச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதுக்குக் கடைசியில வர்றேன்.

இப்ப வைன். தண்ணி ஓரம் சாப்பாடுன்னா தண்ணியும் வரத்தான் செய்யும், நான் வேண்டாங்கல. மூச்சுல 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம்தான் வரம்பு, ரத்தத்துல 80 மில்லிகிராம். எனக்கு எத்தனை கிளாஸ் தாங்கும்னு கணக்குப் போடறவங்களை நிறையப் பார்த்திருக்கேன், அந்தக் கணக்கை விட்டுடுங்க, ஏன்னா அளவுக்குக் கீழ இருந்தாலும் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில இருந்தீங்கன்னா அதுவும் குற்றம்தான். மொத தடவைக்கே 2,000ல இருந்து 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஜெயிலும் உண்டு, லைசென்ஸ் குறைஞ்சது ரெண்டு வருஷம் போயிடும், அப்புறம் தியரியில இருந்து எல்லா டெஸ்ட்டும் மறுபடி எழுதணும். நாப்பது வயசுல டிரைவிங் சென்டர் வரிசையில பத்தொன்பது வயசுப் பசங்களோட நிக்கறது ரொம்பக் கொடுமை.

நீங்க அதுக்குத்தான் வேலே டிரைவர்னு யோசிச்சிருக்கீங்க. நல்ல எண்ணம்தான், சொந்த வண்டிக்காரங்களுக்கு ஓரளவுக்கு ஒத்துவரும். வாடகை வண்டிக்கு ஒத்துவராது. நான் பார்த்த ஒப்பந்தம் பெரும்பாலும் அதுல பேரு எழுதின ஆளு மட்டும்தான் ஓட்டலாம்னு சொல்லும். நீங்க போன்ல கூப்பிட்டு வர்ற டிரைவர் பேரு அதுல எப்படி இருக்கும்? அவரு இருபது வருஷம் ஓட்டினவரா இருந்தாலும் சரி, ஒரு சொட்டு குடிக்காதவரா இருந்தாலும் சரி, உங்க பேப்பரைப் பொறுத்தவரைக்கும் அவரு யாரோ ஒருத்தர். ரெஸ்டாரண்ட் வாசல்ல சாவியை வாங்கிட்டுப் போய் பார்க் பண்ற பையனுக்கும் இதேதான், அவன் ஓட்டற ரெண்டு நிமிஷமும் உங்க தலையில. சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க, வாய்ல சொல்றதை நம்பாதீங்க.

ஒரே ஒரு விலக்கு இருக்கு, அதைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க, ஏன்னா இதுலதான் நல்ல மனுஷங்க மாட்டிக்கறாங்க. கூடுதல் டிரைவர்னு இன்னொருத்தர் பேரை ஒப்பந்தத்துல சேர்க்கலாம். உங்க மனைவிக்கு லைசென்ஸ் இருக்கா, அவங்க குடிக்கமாட்டாங்களா, அப்ப அவங்க பேரைச் சேர்த்துடுங்க. ஆனா "சேர்க்கலாம்"னா வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, லைசென்ஸ் காட்டி, அவங்க கையெழுத்தோட, கம்பெனி ஒத்துக்கிட்ட பிறகு. பல கம்பெனிங்க ரெண்டு வருஷமாவது ஓட்டின அனுபவம் கேக்கும், வயசு கம்மின்னா எக்செஸ் கூடும், அதாவது அடிபட்டா இன்சூரன்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க கையில இருந்து போற காசு. சொகுசு வண்டிக்கு அது சில ஆயிரத்துல ஆரம்பிக்கும். கையில இருக்கறது இந்திய லைசென்ஸா, அவங்க இங்க வந்து 12 மாசம் தாண்டியாச்சா, அப்ப இங்கத்த லைசென்ஸா மாத்தியிருக்கணும், இல்லேன்னா பேரைச் சேர்த்தும் பிரயோஜனமில்ல. சாயங்காலம் ஏழரைக்கு ரெஸ்டாரண்ட்ல உக்காந்துக்கிட்டு கவுண்டருக்கு வாட்ஸ்ஆப்ல "மை வைஃப் டிரைவிங் ஓகே?"ன்னு அனுப்பி, அங்க யாரோ தம்ஸ் அப் போட்டா அது சேர்த்த மாதிரி ஆகாது. நான் கிளெய்ம் மேசையில இருந்தப்ப ஒரு கேஸ். மாப்பிள்ளை பேர்ல வண்டி, அவரு குடிச்சிட்டாரு, மச்சான் குடிக்கல, பொறுப்பான பையன், நான் ஓட்டறேன்னு ஓட்டினான், வீட்டுக்கிட்ட மல்டி ஸ்டோரி கார்பார்க் தூண்ல உரசினான். மச்சான் பேரு பேப்பர்ல இல்ல. எக்செஸ் கட்டிட்டுப் போயிடலாம்னு வந்தாங்க, எக்செஸ்ங்கற பேச்சே இல்ல, இன்சூரன்ஸே இல்லாத மாதிரிதான், கதவும் பின் பேனலும் முழுசா அவங்க செலவு. அந்தப் பையன் செஞ்சது சரியான காரியம், குடிச்சவனை ஓட்ட விடல. பேப்பருக்கு அது தெரியாது.

இதுலதான் எனக்கு ஆத்திரம் வருது. இந்த ஊர்ல ரயில் நிலையத்துல இருந்து ஓட்டுப்போடற வரைக்கும் நாலு மொழியில அறிவிப்பு இருக்கு, ஒரு மனுஷன் பல்லாயிரம் வெள்ளிக்குப் பொறுப்பேத்துக்கற வாடகை ஒப்பந்தம் மட்டும் எறும்பு எழுத்துல, இங்கிலீஷ்ல, பின்பக்கத்துல. போக்குவரத்து ஆணையத்தைக் கேட்டா இன்சூரன்ஸைக் கேளும்பாங்க, இன்சூரன்ஸைக் கேட்டா கம்பெனியைக் கேளும்பாங்க, கம்பெனி "டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்" பக்கம் கையைக் காட்டும். யாரு ஓட்டலாம், எந்த நாள்ல ஓட்டலாம், அடிச்சா எவ்வளவு போகும், இந்த மூணையும் பெரிய எழுத்துல மொத பக்கத்துல போடணும்னு ஒரு விதி கொண்டுவர இவ்வளவு வருஷமா யாருக்கும் கை வரல.

சரி, என்ன செய்யலாம். நான் உங்க இடத்துல இருந்தா டிரைவரோட வர்ற வண்டியை எடுப்பேன். மணிக்கணக்குல விடுவாங்க, குறைஞ்சபட்சம் இத்தனை மணி நேரம்னு இருக்கும், போக ஒரு தடவை, வர ஒரு தடவைன்னும் பேசலாம். டிரைவருக்கு தனியார் வாடகை வண்டி ஓட்டறதுக்கான தொழில் லைசென்ஸ் இருக்கணும், கேட்டா காட்டணும். நீங்க நிம்மதியா ரெண்டு கிளாஸ் குடிக்கலாம். பொண்ணைப் பத்தி நீங்க கேக்கவே இல்ல, நானே சொல்றேன். 1.35 மீட்டருக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு அதுக்கேத்த சீட் வேணும், டாக்ஸிக்குத்தான் விலக்கு, வாடகைக் காருக்குக் கிடையாது. பூஸ்டர் சீட் புக் பண்றப்பவே சொல்லிடுங்க, அன்னிக்கு சாயங்காலம் கேட்டா இல்லம்பாங்க.

இல்ல, நானேதான் ஓட்டணும், அதுதான் ஆசைன்னா முறையான கம்பெனியில செல்ஃப் டிரைவ் எடுங்க, 24 மணி நேரக் கணக்குல வரும், 280க்கு வராது, வைனை அடுத்த நாள் வீட்ல வச்சுக்குங்க. வண்டி எடுக்கறப்ப வீடியோ எடுங்க, நாலு ரிம்மையும் குனிஞ்சு எடுங்க. இன்சூரன்ஸ்ல ரிம்மும் டயரும் பெரும்பாலும் சேராது, நம்ம பழைய கார்பார்க் சுத்துப்பாதை வளைவெல்லாம் இந்த அகல டயருக்குக் கட்டினது இல்ல. உங்க போர்ஷல எவ்வளவு குதிரை இருந்தாலும் எக்ஸ்பிரஸ்வேல 90தான். சொல்லப்போனா மரினா பேல வண்டி போய் நிக்கறது பேஸ்மெண்ட்ல, நீங்க லிஃப்ட் ஏறி மேல வந்துதான் தண்ணியைப் பார்ப்பீங்க, சாப்பிடறவங்க யாரும் உங்க காரைப் பார்க்கப்போறதில்ல. கார் கண்ணுல படணும்னா கெப்பல் பே, செந்தோசா கோவ் மாதிரி படகுத்துறைப் பக்கம் யோசிங்க, செந்தோசாவுக்கு வண்டி நுழைய தனியாக் காசு.

சாப்பாட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை. மெனுவுல ஆளுக்கு 150 பிளஸ் பிளஸ்னு இருந்தா ரெண்டு பேருக்கு 300 இல்ல, 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதுக்கும் சேர்த்து 9 சதவீதம் ஜிஎஸ்டி, 359 வெள்ளி 70 காசு வரும். சூரியன் வருஷம் பூரா ஏழு மணியை ஒட்டித்தான் மறையும், மரினா பே சாண்ட்ஸ் லைட் ஷோ 8க்கும் 9க்கும். அதனால ஆறே முக்காலுக்கு மேசை கேளுங்க, ரெண்டும் கிடைக்கும். கிளிஃபர்ட் பியர்ங்கற பழைய படகுத்துறைப் பக்கம் போனீங்கன்னா பொண்ணுகிட்ட சொல்லுங்க, 1933ல கட்டினது, கப்பல்ல வந்தவங்க எத்தனையோ பேரு அங்கதான் கால் வச்சாங்க. போர்ஷல இல்ல, படகுல.

அந்த 500 வெள்ளி. இன்னிக்கே அந்த ஆளுக்கு எழுத்துல அனுப்புங்க, வண்டியோட பதிவுப் பேப்பரும், என் பேரு போட்ட இன்சூரன்ஸும், நாள் போட்ட ஒப்பந்தமும் வேணும், இல்லேன்னா டெபாசிட்டைத் திருப்பிக் குடுங்கன்னு. திட்டாதீங்க, மிரட்டாதீங்க, பதிலெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க, குரூப்ல இருந்து உங்களைத் தூக்கறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. வண்டியை மட்டும் எக்காரணத்துக்கும் எடுக்காதீங்க, டெபாசிட் வீணாப் போகுதேன்னு எடுத்தவங்கதான் என் மேசைக்கு நிறைய வந்தாங்க. ஆளு பதிலே சொல்லலைன்னா பேங்குக்குச் சொல்லிட்டு மோசடி உதவி எண் 1799க்குக் கூப்பிடுங்க, போலீஸ்லயும் புகார் எழுதிக் குடுங்க. 500 வெள்ளி திரும்பி வருமான்னு கேட்டா, வராம போகத்தான் அதிக வாய்ப்பு. அதுக்காக மேசை புக்கிங்கை கேன்சல் பண்ணிடாதீங்க, அங்க போக டாக்ஸி போதும்.