ஊருணியை வெட்டுவீகளா, மாட்டீகளா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராம ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறேன். நோட்டீஸ் எழுதி, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி தம்பி, ஊருணிய வெட்டுவீகளா மாட்டீகளா?" என்கிறார். ஊருணிக்கென்றே ஒரு பத்தி எழுதியிருந்தேன். எளிமையாக எழுதுவது எப்படி?

பதில்: அந்தப் பத்தியின் முதல் வரி இது: "நீர்நிலைகளின் புனரமைப்புக்கான ஒருங்கிணைந்த நடவடிக்கைகள் முன்னெடுக்கப்படும்." இதில் ஊருணி எங்கே இருக்கிறது? ஆச்சி கேட்டது நியாயம்தான்.

'புனரமைப்பை' எடுத்துவிட்டு 'சீரமைப்பு' என்று போட்டாலும் அவர் அதையேதான் கேட்பார். கோளாறு கடைசிச் சொல்லில். முன்னெடுக்கப்படும் என்றால், யாரால்? 'படும்' என்று முடித்தால் செய்கிறவர் நழுவிக்கொள்ளலாம். ஆபீஸ் கோப்புக்கு அது வசதி. ஓட்டுக் கேட்டு வாசலில் நிற்கிறவருக்கு ஆகாது.

நோட்டீசில் உள்ள 'படும்' எல்லாவற்றையும் பென்சிலால் சுழித்து, பக்கத்தில் யார் செய்வார் என்று எழுதிப் பாருங்கள். அப்போதுதான் பாதி வேலை உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். அதையும் மறைக்காமல் எழுதுங்கள்: "மழை பெய்தும் ஊருணி நிறையவில்லை. வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கிறது. அதை அளந்து கல் நடச் சொல்லி தாலுகா ஆபீசில் மனு கொடுப்பேன். என்ன பதில் வந்தது என்பதை அக்டோபர் 2 கிராமசபையில் சொல்வேன்."

அண்ணாவின் மேடைத் தமிழ் அடுக்குமொழிக்குப் பேர் போனது. ஆனால் 1967 தேர்தலில் ஊர் ஊராகப் பரவியது, "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". அரிசி அளக்கிற படி எல்லா வீட்டிலும் இருந்தது. எது ஆசை, எது உறுதி என்பதும் அந்த ஒரே வரியில் பிரிந்துவிட்டது. உங்கள் நோட்டீசில் அந்தப் பிரிவு இல்லை.

ஆட்டோவில் மைக் கட்டப்போகிறீர்கள் என்றால் வாக்கியத்தை இன்னும் குறைக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற நீளம். முகப்பு, வளவு தாண்டி அடுப்படியில் இருப்பவர் காதில் பாதி வரிதான் விழும். தமிழில் வினைச்சொல் கடைசியில் அல்லவா வருகிறது? அது வருவதற்குள் ஆட்டோ தெருமுனை திரும்பியிருக்கும்.

அப்புறம், எளிமை என்று நினைத்து 'வந்தாக', 'போனாக' என்று அச்சடித்துவிடாதீர்கள். வாய்ப்பேச்சில் இனிக்கிற அதுவே நோட்டீசில் கேலி மாதிரி இருக்கும். அடியில் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயர், முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன் ஆச்சியிடம் இன்னொரு தடவை வாசியுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் சொல்வார். நோட்டீசை மடித்து வைத்துவிட்டு, "நான் என்ன செய்வேன்னு சொன்னேன் ஆச்சி?" என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருந்தால், அதையே போட்டுவிடுங்கள்.